அழல் அணைந்த பின் வரும் அழற்சி

பெங்களூரில், கிருஷ்ணராஜ மார்க்கெட்டை அடுத்து, 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விக்டோரியா மருத்துவமனை நிற்கிறது. அதன் வளாகத்தில் மகாபோதி என்ற பெயரில் ஒரு தீக்காயப் பிரிவு உண்டு. எந்த ஊரின் தீக்காயப் பிரிவிலும் பணியாற்றியவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. உடலில் பாதி வெந்த நிலையில் கொண்டுவரப்பட்ட பெண் முதல் நாள் தெளிவாகப் பேசுகிறாள். தண்ணீர் கேட்கிறாள், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று விசாரிக்கிறாள். ஆழமாக வெந்த இடங்களில் நரம்பு முனைகளும் கருகிவிடுவதால் அங்கே வலிகூட அதிகம் தெரிவதில்லை. பிழைத்துவிடுவாள் என்று வீட்டார் நம்புகின்றனர். ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ அவள் இறந்துபோகிறாள். தீ அன்றைக்கே அணைந்துவிட்டது. பிறகு எது அவளைக் கொன்றது?

விடையின் ஒரு பகுதி சொல்லிலேயே இருக்கிறது. உடல் தன் காயத்துக்கு ஆற்றும் எதிர்வினையைத் தமிழ் அழற்சி என்கிறது. அழல் என்றால் தீ. அதே வார்டில் புழங்கும் கன்னடத்தில் அதற்கு உரியூத என்று பெயர். உரி என்பது எரிதல், ஊத என்பது வீக்கம். ‘முகம் ஊதியிருக்கிறது’ என்று தமிழில் சொல்வதும் இங்கே நினைவுக்கு வரும். ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீனிலும் தீதான் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான கெல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்களைக் குறித்தார்: சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி. புறத்தே தீ இல்லாதபோதும் உடல் எரிகிறது என்பதை மொழிகள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கின்றன.

அந்த எரிதலின் வழிமுறை இப்போது ஓரளவு துலங்கியிருக்கிறது. வெப்பத்தில் செல்கள் உடையும்போது உள்ளே இருக்க வேண்டிய புரதங்களும் டி.என்.ஏ. துணுக்குகளும் வெளியே சிந்துகின்றன. நோயெதிர்ப்புச் செல்களின் ஏற்பிகள் இவற்றை ஆபத்தின் அறிகுறியாகப் படிக்கின்றன. இவற்றுள் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வுக்குத் தனி இடமுண்டு. மைட்டோகாண்ட்ரியா, தொல்பழங்காலத்தில் செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியாவின் வழித்தோன்றல், அதன் டி.என்.ஏ.வில் பாக்டீரியாவின் சாயல் இன்னும் எஞ்சியிருக்கிறது. ஆகவே கிருமி ஒன்றுகூட நுழையாத வேளையிலேயே, கிருமி நுழைந்துவிட்டதென உடல் போருக்கு எழுகிறது.

மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை உமிழ்கின்றன. மேக்ரோஃபேஜ்கள் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகிய தூதுப்பொருள்களைச் சுரக்கின்றன. அந்த அழைப்பைக் கேட்டு நியூட்ரோஃபில்கள் திரள்கின்றன. விரல் சுட்ட காயத்தில் இதுவே குணமாகும் வழி. ஆனால் உடற்பரப்பில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் வெந்துவிட்டால், தூதுப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து, தீ தொடாத உறுப்புகளையும் எட்டுகின்றன. உடலெங்கும் நுண்குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 40 விழுக்காடு வெந்திருந்தால், பார்க்லண்ட் சூத்திரத்தின்படி முதல் 24 மணி நேரத்தில் 9.6 லிட்டர் திரவம் ஏற்ற வேண்டும். அதில் பாதி, தீப்பட்ட நேரத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள். அத்தனையும் அந்தக் கசிவை ஈடுசெய்யத்தான்.

கசிவைக் கடந்தவருக்கு அடுத்த ஆபத்து எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஓயாமல் தூண்டப்பட்ட நோயெதிர்ப்பு மண்டலம் தளர்கிறது. லிம்ஃபோசைட்டுகள் மடிகின்றன, மோனோசைட்டுகள் எதிரியை அடையாளம் காட்டும் திறனை இழக்கின்றன. அழற்சியும் தளர்ச்சியும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. காவலான தோலும் இல்லாத அந்நாள்களில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே வருகின்றன. தேறிவந்த பெண்ணை ஐந்தாம் நாளிலோ பத்தாம் நாளிலோ கொண்டுபோவது பெரும்பாலும் இந்தத் தொற்றுதான்.

இதைத் தடுக்க, வெந்த தோலை முதல் சில நாள்களிலேயே அகற்றி மூட வேண்டும். ஸ்லோவேனிய அறுவை மருத்துவர் சோரா யான்செகோவிச் 1970இல் வெளியிட்ட முறை இது. மூடுவதற்குச் சொந்தத் தோல் போதாதபோது இறந்தவர் கொடையளித்த தோல் உதவுகிறது. அதற்கான தோல் வங்கி விக்டோரியாவில் 2016இல் தொடங்கப்பட்டது. பிறர் தோலை உடல் என்றென்றைக்கும் ஏற்பதில்லை. அதற்குக் காரணம் நோயெதிர்ப்பு மண்டலமே என்பதற்கான முதல் தடயங்களைப் பீட்டர் மெடவாரும் தாமஸ் கிப்சனும் 1943இல் கிளாஸ்கோவின் தீக்காய நோயாளி ஒருவரிடம்தான் கண்டனர். எனினும் தளர்ந்த உடல் அத்தோலை விலக்கச் சில வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. உயிரைக் காக்க அந்த வாரங்கள் பல வேளைகளில் போதும்.

தீக்கும் தொற்றுக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாள்களுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. அப்போது அவள் சொல்வது, சாகும் தறுவாயில் அளிக்கப்பட்ட வாக்குமூலமாக நீதிமன்றத்தில் ஏற்கப்படும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் பிரிவு 32 ஆக இருந்த இவ்விதி, இன்றைய சட்டத்தில் பிரிவு 26 ஆகத் தொடர்கிறது. 1990களின் பிற்பகுதியில் பெங்களூரின் விமோசனா அமைப்பு, நகரில் மணமான இளம்பெண்களின் இயற்கைக்கு மாறான மரணங்களை ஆராய்ந்தபோது ஆவணங்களில் மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்ட காரணம் ‘ஸ்டவ் வெடித்தது’ என்பது. இலக்கணப்படி குறையற்ற வாக்கியம். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. செய்தவர் மட்டும் இல்லை.

முதல் நாளின் தெளிவைக் கண்டு ‘தேறிவிட்டாள், பிறகு கேட்டுக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் அழற்சியின் கணக்கில் சேர்கிறது. பல நோயாளிகளுக்கு விரைவிலேயே மூச்சுக்குழலில் குழாய் செருகப்படும்; அதன் பிறகு பேச்சு இல்லை. திரவம் ஏற்றும் அவசரத்தோடு, அவள் சொல்வதை அவளுடைய மொழியிலேயே, வீட்டார் அருகில் இல்லாதபோது, அவளுடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளும் அவசரமும் சேர வேண்டும். விக்டோரியாவில் அந்த மொழி கன்னடமாக இருக்கலாம், தமிழாகவோ தெலுங்காகவோ உருதுவாகவோ இருக்கலாம். வாக்கியத்தில் விடுபட்டுப்போன அந்த ஒருவரை அவளால்தான் சொல்ல முடியும்.