14 கோழிகள், 4 இரவுகள்

அத்தை கோலாலம்பூருக்கு வந்து எங்கள் வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. கல்யாணமோ காரியமோ, பொழுது சாய்வதற்குள் புறப்பட்டுவிடுவார். கேட்டால் ஒரே பதில்தான்: “கோழிய யாரு அடைக்கிறது?”

அண்மையில் அவருக்குக் கிள்ளானில் கண்புரை அறுவை சிகிச்சை. மகள் வீட்டில் நான்கு நாள் தங்கியே ஆக வேண்டிய நிலை. “கோழிய நான் பாத்துக்கிறேன் அத்தை” என்று சொல்லிவிட்டேன். தினமும் காலையில் வானொலியில் பேசிப் பேசி, என் வாய்க்கு அவ்வளவு துணிச்சல்.

தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டி, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரித்தீவு. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. சதுப்புக் காடாகக் கிடந்த தீவில் ரப்பர் நட்ட கேரி என்ற ஆங்கிலேயத் துரையின் பெயர்தான் ஊருக்கு. மரச்சிற்பங்களுக்குப் பெயர்போன மா மெரி பூர்வக்குடியினரின் கிராமமும் இங்கே உண்டு. பால்மரக் காலத்திலிருந்தே நம்மவர்களும் இருக்கிறார்கள்.

அத்தை வீட்டின் பின்னால் நான்கு வாழை, ஒரு முருங்கை, பழைய பலகையும் கம்பிவலையும் சேர்த்து அடித்த கோழிக்கூடு. உள்ளே ஒரு சேவல், ஏழு பெட்டை, ஆறு குஞ்சு. எல்லாம் நாட்டுக்கோழி. “காலையில தொற. மதியம் தண்ணி மாத்து. சாயந்திரம் எண்ணிப் பாத்து அடை” என்றார் அத்தை. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

முதல் நாள் முட்டை தேடுவதிலேயே போனது. முட்டையிடப் பெட்டி இருந்தும் ஒன்று விறகுக்குப் பின்னால் இட்டது, இன்னொன்று என் துணிக்கூடையில். எப்போது இட்டதென்று தெரியாத முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தார். புதியது அடியில் படுக்கும், பழையது மிதக்கும். கருப்பு பெட்டையின் முட்டை மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அத்தை அவளைக் ‘கருப்பி’ என்பார்.

இரண்டாம் நாள் பட்டப்பகலில் ஓர் உடும்பு, என் கை நீளத்துக்கு மேல், கூட்டுப் பக்கம் சாவகாசமாக நடந்து வந்தது. நான் நாற்காலியில் ஏறிவிட்டேன். அக்காதான் துடைப்பத்தோடு ஓடிவந்து விரட்டினார்.

மாலையில் நல்ல மழை. ஒரு குஞ்சு இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெள்ளைக்கழிச்சலாக இருந்தால்? அது வைரஸ் நோய், வந்தபின் மருந்து கிடையாது. முன்கூட்டியே தடுப்பு மருந்து போடுவதுதான் வழி. ஒரு கோழிக்கு வந்தால் கூடே காலியாகிவிடலாம். குஞ்சைத் துடைத்து, தனியே அட்டைப்பெட்டியில் விட்டு, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டேன். இரவு மூன்று முறை எழுந்து பார்த்தேன். விடிந்ததும் பெட்டியைவிட்டுக் குதித்து இரை கேட்டது. வெறும் குளிர்தான்.

தினமும் மாலை ஏழரைக்கு அத்தையின் அழைப்பு வரும். கண்ணைப் பற்றி நான் கேட்பதற்கு முன்பே அவர் கேட்பார்: “எண்ணிட்டியா பாப்பா?” முதல் இரண்டு நாளும் “பதினாலு” என்றேன். உண்மை.

மூன்றாம் நாள் எண்ணினேன். பதிமூன்று. மறுபடி எண்ணினேன். கருப்பியைக் காணவில்லை. தூறிக்கொண்டிருந்தது, இருட்டிவிட்டது. எங்காவது மரத்தில் ஏறியிருக்கும், காலையில் வந்துவிடும் என்று கதவைச் சாத்தினேன். போன் அடித்தது.

“எண்ணிட்டியா பாப்பா?”

“பதினாலு அத்தை.”

கண்ணில் கட்டோடு இருப்பவரைக் கவலைப்படுத்த வேண்டாமென்று சொன்னேன் என்றுதான் எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில், என்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

காலையில் வாழை மரங்களுக்குப் பின்னால், பழைய தகரத்தின் அடியில் ஒன்பது முட்டைகள் இருந்தன. சில்லிட்டுப் போயிருந்தன. சுற்றிலும் கருப்பு இறகுகள். “பாம்புன்னா முழுசா முழுங்கியிருக்கும். இது முசாங்” என்றார் அக்கா. முட்டையை ஒளித்து ஒளித்துச் சேர்த்தவள், அன்றிரவுதான் அடைக்கு உட்கார்ந்திருக்கிறாள். குஞ்சு பொரிக்க 21 நாள். அவளுக்கு ஓர் இரவுகூட முழுதாகக் கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் அத்தை கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்வாசலுக்குப் போனார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் எண்ணி முடித்துவிட்டார்.

“கருப்பி எங்க?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. வாழைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: “முசாங் வர்றது உன் தப்பில்ல. நேத்து வந்தா நாளைக்கும் வரும். ஆனா நீ பதிமூணுன்னு சொல்லியிருந்தா, தகரத்துக்குக் கீழ பாருன்னு சொல்லியிருப்பேன். போன தடவையும் அங்கதான் அடை உக்காந்தா. இருட்டுல அதுக்குக் கண்ணு தெரியாது, தூக்கினா பேசாம வந்திருக்கும்.”

மணி, வானிலை, சாலை நெரிசல் என்று தினமும் ஆயிரக்கணக்கானோருக்குச் சரியான தகவல் சொல்வது என் வேலை. ஒரே ஒருவர் கேட்ட ஒரே ஓர் எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

கோழி வளர்க்க ஆசைப்படும் நண்பர்கள் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். தாமான் வீடென்றால் முதலில் ஊராட்சி மன்றத்தில் அனுமதி உண்டா என்று கேளுங்கள், சேவல் கூவினால் அண்டை வீட்டார் பொறுப்பார்களா என்று பாருங்கள் என்கிறேன். அதற்குப் பிறகு ஒன்றே ஒன்று: மாலையில் எண்ணுங்கள், குறைந்தால் உடனே தேடுங்கள்.

இப்போதெல்லாம் ஏழரைக்கு நான்தான் அத்தையை அழைக்கிறேன். “எண்ணிட்டீங்களா அத்தை?” என்பேன். நேற்று வந்த பதில்:

“பன்னெண்டுதான் இருக்கு. டார்ச் எடுத்துக்கிட்டுப் போறேன், போன வை.”