கைக்குத் தெரிந்த கணக்கு

வாத்தியத்தை வாசிப்பவனை உலகம் புகழ்கிறது. அதைச் செய்து கொடுத்தவனை யார் நினைக்கிறார்கள்? இந்தக் கேள்வி சென்ற டிசம்பர் விடுமுறையில் என் வீட்டிலேயே எழுந்தது.

பதினேழு வயதான என் மகன், கழுத்து பிளந்துபோன மின்சாரக் கிட்டார் ஒன்றை அட்டனில் யாரிடமோ அற்ப விலைக்கு வாங்கி வந்தான். "கழுத்து மட்டும் செய்தால் போதும், அப்பா" என்றான். கல்லூரியில் இலக்கணம் கற்பிக்கும் எனக்கு மரவேலை ஏது? ஆனால் தோட்டத்தில் என் தாயார் வாழும் வீட்டில் தந்தையாரின் கருவிப் பெட்டி இருந்தது. அவர் தோட்டத்துத் தச்சர். லயத்துக் கதவுகளைச் செப்பனிடுவதும், மண்வெட்டிகளுக்குப் பிடி போடுவதுமே அவர் வேலை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் "தந்தையின் தொழில்" என்ற இடத்தில் "தோட்ட உத்தியோகம்" என்று எழுதியவன் நான். அதை அவர் வாசித்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

முதற் கழுத்து வீணாயிற்று. தேயிலைக்கு நிழல் தரும் கிரேவில்லியாவை நம்மவர் சவுக்கு என்பர். புதிதாக அறுத்த அந்த மரத்தில் செய்தோம். ஈரம் உலராத கட்டை பத்தே நாளில் முறுக்கிக்கொண்டது. ஆறு உருக்குத் தந்திகளும் சேர்ந்து சுமார் 100 இறாத்தல் விசையோடு கழுத்தை இழுக்கும். அதைத் தாங்கவே உள்ளே ஓர் இரும்புக் கம்பியைப் புதைக்கிறார்கள். அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மக்ஹியூ 1923-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும், முறுக்கிய மரத்தை அந்தக் கம்பியாலும் நிமிர்த்த முடியாது.

அப்பொழுதுதான் தாயார் அடுப்புக்கு மேலிருந்த பரணைக் காட்டினார். அதே சவுக்கில் மூன்றடிப் பலகை ஒன்று புகையேறிக் கறுத்துக் கிடந்தது.

"ஒனக்குப் படிக்க மேசை செய்யணும்னு ஒங்கப்பா எடுத்துவச்ச பலகைய்யா. நீதான் போர்டிங்குக்குப் போயிட்டியே" என்றார்.

முப்பது ஆண்டுகள் உலர்ந்த மரம். இழைப்புளி பட்டதும் புகை மணத்தது. கம்பிக்கு உளியால் பள்ளம் தோண்டினோம். மகன் மெட்டுகளுக்குக் கணக்குப் போட்டான். தந்தியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் கிடைக்கும்; மிஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வாறே வகுத்தால் அடுத்தது. பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில் வந்து நிற்கும். அந்தக் கணக்கு அவனுக்குத் தெரிந்தது. உள்ளங்கை பற்றும் முதுகுப் பக்கத்தை வளைக்கும் கணக்கு யாருக்குத் தெரியும்?

வியப்பு என்னவென்றால், எனக்குத் தெரிந்திருந்தது! மண்வெட்டிப் பிடிக்குத் தந்தையார் சதுரக் கட்டையின் மூலைகளைச் சீவி எட்டுப் பட்டையாக்குவார். மீண்டும் சீவிப் பதினாறாக்குவார். பிறகே அரத்தால் உருட்டுவார். இடையிடையே கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார். கை இடறும் இடத்தில் மட்டும் மறுபடி அரம் போடுவார். அருகில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த நான் இவற்றையெல்லாம் பாராமலே பார்த்திருக்கிறேன். அவ்வாறே செய்தோம். கண்ணுக்குத் தப்பிய மேட்டை விரல் காட்டிக் கொடுத்தது.

கழுத்தை உடலோடு பொருத்துமுன் மகன் ஒரு பென்சிலை நீட்டினான். "செய்தவர் பெயரை அடிப்பகுதியில் எழுதுவது வழக்கம், அப்பா. யார் பெயரை எழுதலாம்?" என்று கேட்டான்.

வாங்கி, என் தந்தையாரின் பெயரை எழுதினேன். அதன்கீழ், அன்று எழுதக் கூசிய சொல்லையும் எழுதினேன்: தச்சர்.