கேள்வி கேட்கும் வீடுகள்

மாமியாருக்கு 81 வயது. மீன் இல்லாமல் சோறு இறங்காது, முழங்கால் மடங்காது. இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சென்னையை விட்டுப் போய்க் குடியிருக்க ஓர் ஊர் தேடினோம். மனைவிக்கு மதுரை, எனக்குத் திருச்சி. இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் மூன்று மணி நேரப் பயணம்கூட இல்லை. வீட்டில் உட்கார்ந்து சண்டை போடுவதைவிட, இரண்டு ஊரிலும் மூன்று மூன்று நாள் தங்கி வீடு பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். மனைவி நோட்டில் எழுதிக்கொண்டாள்: தண்ணீர், மாடிப்படி, மீன் கடை, நடுராத்திரியில் ஆஸ்பத்திரி.

முதலில் மதுரை. மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயர்களிலேயே வீதிகள் விரியும். பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் வெளி வீதிகள். அந்தச் சதுரங்களுக்குள்ளேயே ஒரு வீடு கிடைத்தால் போதும் என்பது மனைவியின் ஆசை. மாசி வீதிகளில் நடந்து பார்த்தோம். பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, லாட்ஜ், குடோன்... குடித்தனம் இருந்த மாடிகளில் சரக்கு மூட்டைகள். "இங்கெல்லாம் யாருண்ணே குடியிருக்கா? ஆத்துக்கு வடக்கே போயிருவோம்" என்றார் தரகர்.

ஆற்றைத் தாண்டி அண்ணா நகர், கே.கே. நகர். தெருக்கள் நேராக, மரங்களோடு இருந்தன. ஆனால் தாண்டிய ஆற்றில்தான் தண்ணீரைக் காணோம். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதற்கே வைகை அணையிலிருந்து திறந்துவிட வேண்டியிருக்கிற ஆறு அது. பிடித்துப்போன ஒரு வீட்டில், "கோடையில தண்ணி எப்படிங்க?" என்று மனைவி கேட்டாள். "லாரிக்குச் சொன்னா வந்துரும்மா" என்றார் வீட்டுக்காரர். பிறகு அவர் கேட்டார்: "உங்களுக்குச் சொந்த ஊரு எது? அங்க யாரு வீட்டு ஆளுக?" கேள்வியில் அன்பும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. ஊர்ப்பெயரில் தொடங்கி எங்கே போய் முடியும் என்று தெரிந்த கேள்வி. அதோடு, வீடு இரண்டாவது மாடி.

அன்று ராத்திரி பதினோரு மணிக்குச் சிம்மக்கல் பக்கம் கறிதோசை சாப்பிட்டோம். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு இலையில் விழுந்தது. "இந்த நேரத்துக்கு வேற எந்த ஊர்ல கிடைக்கும்?" என்றாள் மனைவி. உண்மைதான். ஆனால் தண்ணீருக்கு நேரே அவள் எதுவும் எழுதவில்லை.

அடுத்தது என் கட்சி. திருச்சி மத்திய பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, காவிரிப் பாலம் ஏறி ஸ்ரீரங்கம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஒரு தீவு. ஏழு மதில்கள், அவற்றுக்குள்ளேயே உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் தெரு. 1987இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தின் அடியில் பால்காரர் சைக்கிளில் போகிறார். மதுரையில் சரக்குக்குப் போய்விட்ட இடத்தில் இங்கே இன்னும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். வாசலில் கோலம், உள்ளே ஊஞ்சல். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒரு வீட்டில் கிணறு பார்த்தோம், கூடம் பார்த்தோம். வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்: "நீங்க சைவம்தானே?" நான் வாய் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "நாங்க ராமநாதபுரம் கடற்கரைங்க." அவர் அதற்கும் சிரித்தார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. ஊரைச் சோதிக்கக் கேள்விகளோடு வந்தவர்கள் நாங்கள். இரண்டு ஊரும் எங்களைத்தான் சோதித்துக்கொண்டிருந்தன.

கடைசி நாள், தில்லை நகரில் வாடகையைக் கேட்டுவிட்டு மலைத்துப்போய், பக்கத்து உறையூருக்கு நடந்தோம். சோழர்களின் பழைய தலைநகரம், பிறகு சேலைக்கும் சுருட்டுக்கும் பேர்போனது. இப்போது நெருக்கமான தெருக்களும் மெக்கானிக் ஷெட்களுமாக, அழகு என்று சொல்ல முடியாத பேட்டை. வெக்காளியம்மன் கோயிலில் கொஞ்சம் உட்கார்ந்தோம். அம்மன் இருக்கும் இடத்துக்கு மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவள்மேலேயே விழும். கூரை தேடி வந்த இடத்தில் கூரையில்லாத சாமி என்று மனைவி சிரித்தாள்.

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கீழ் வீடு. காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. புத்தூர் அரசு ஆஸ்பத்திரி ஆட்டோவில் எட்டிவிடும் தூரம். வாசலில் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் சத்தம் மட்டும் குறை. வீட்டுக்கார அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "எத்தனை பேரு?" என்றார்.

"மூணு பேருங்க. எங்கம்மாவும் கூட இருப்பாங்க" என்றாள் மனைவி.

"வயசானவங்களா? முட்டி மடக்க முடியுமா அவங்களால? இங்க கக்கூஸ் பழைய மாடலு. நீங்க வர்றதுக்குள்ள மாத்திக் குடுத்துடறேன்."

மனைவி நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டாள்.

சாமான் இறக்கிய மறுநாளே மாமியாருக்கு மீன் வாங்கிவந்தேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆத்து மீனா மாப்பிள்ளை? முள்ளு ஜாஸ்தியா இருக்குமே?"

அந்தக் கேள்வி எங்கள் நோட்டிலேயே இல்லை.