பட்டன் யார் கையில?

எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படிக்கிற எல்லாருக்கும், டிகிரி வாங்குறதுக்கு முன்னாடியே வீட்டில் ஒரு பட்டம் கொடுத்துடுவாங்க. ‘ரிப்பேர்காரர்’! வைஃபை வரலையா, டி.வி. தெரியலையா, மிக்ஸி சுத்தலையா... ‘அதான் அவ இ.சி.இ. படிக்கிறாளே, அவகிட்ட கேளு!’ ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்முக்கும் மிக்ஸி ஜாருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, ‘அப்ப என்னதான் சொல்லித் தர்றாங்க?’னு அடுத்த அம்பு வரும். தேவையா?

இந்த செமஸ்டர் லீவுல எனக்கு அப்பா போட்ட ஆர்டர் இதுதான்: ‘வீட்டுக்கு ஒரு வயர்லெஸ் இன்டர்காம் பாரு. அஞ்சாயிரத்துக்குள்ள முடிக்கணும். சுவத்துல ஒரு ஓட்டைகூட போடக் கூடாது.’

விஷயம் சீரியஸானது. எங்க வீடு மதுரையில. மாடியில் நாங்க, கீழே தாத்தா. வயசு 81. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அப்பத்தா போன பிறகும் ‘இந்த ரூமை விட்டு வர மாட்டேன்’னு உறுதியா சொல்லிட்டார். மூட்டு வலி, அவரால் பதினேழு படி ஏற முடியாது. ஏதாவது வேணும்னா ஜன்னல் கம்பியில் எவர்சில்வர் டம்ளரால தட்டுவார். பகல்ல ஓகே. ராத்திரி ஃபேன் சத்தத்துல யாருக்குக் கேட்கும்? அதனால அம்மா தினமும் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து, படி இறங்கிப் போய், தாத்தா நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்த்துட்டு வருவாங்க. அம்மாவுக்கு பி.பி. இருக்கு. முழுத் தூக்கம் தூங்கி ரொம்ப நாளாச்சு.

‘ஏன், செல்போன் இருக்கே?’ன்னு கேட்பீங்க. தாத்தாகிட்ட பட்டன் போன் இருக்கு. ஆனா, இருட்டில் கண்ணாடி தேடி, பேர் தேடி, பச்சை பட்டன் அமுக்குறதுக்குள்ள விடிஞ்சிடும். அப்படியே அமுக்கினாலும் இந்தப் பக்கம் போன் சைலன்ட்ல கிடக்கும். கூப்பிடுறதுக்குன்னே ஒரு பொருள் தனியா இருந்தாத்தான் சரி.

டவுன் ஹால் ரோட்டுல கடை கடையா ஏறி இறங்கினேன். ‘வயர்லெஸ் இன்டர்காம்’னு கேட்டா, ஒரே பேரில் நாலஞ்சு ஜாதி சாமானை எடுத்து வைக்கிறாங்க. உள்ளே ஒவ்வொண்ணும் வேற வேற டெக்னாலஜி. லேப் ரெக்கார்டு மாதிரி இல்லாம சுருக்கமா சொல்றேன், கேளுங்க.

பிளக் பாயின்ட் ஆசாமி

முதல்ல வந்தது, பிளக்கில் சொருகினா பேசுற பெட்டி. இதில் தனி வயர் இழுக்க வேண்டாமே தவிர, இது முழு வயர்லெஸ் கிடையாது. நம்ம குரலை ஒரு ரேடியோ சிக்னல்மேல ஏத்தி, வீட்டு கரன்ட் வயரிலேயே அனுப்பிடும். ஐடியா சூப்பர். ‘பிடிக்கலைன்னா ரெண்டு நாள்ல திருப்பிக் கொடுத்துடு பாப்பா’ன்னு கடைக்கார அண்ணன் சொன்னதால வாங்கி வந்து சொருகினேன். கீழே ஒண்ணு, மாடியில் ஒண்ணு. ‘கொர்ர்ர்...’ அவ்வளவுதான்!

காரணம் மெயின் போர்டில் இருந்தது. எங்க வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் சப்ளை. தாத்தா ரூம் ஒரு ஃபேஸ்ல, மாடி இன்னொரு ஃபேஸ்ல. ஒரு ஃபேஸ்ல ஏறின சிக்னல் அடுத்த ஃபேஸுக்குத் தாவுறது கஷ்டம். ரெண்டு பெட்டியையும் மாடியிலேயே வெச்சுப் பார்த்தா, குரல் கணீர்னு கேட்குது. போதாததுக்கு, கரன்ட் போனா பெட்டியும் அவுட். எங்க இன்வெர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான். இருட்டுல தாத்தா தடுமாறுற நேரத்துல வேலை செய்யாத இன்டர்காம் எதுக்கு? மறுநாளே ரிட்டர்ன்.

ஓவர்... ஓவர்!

அடுத்தது வாக்கி டாக்கி. தம்பிக்குப் பார்த்ததும் லவ். போலீஸ் மாதிரி ‘ஓவர் ஓவர்’னு கத்தலாமே! இதுல சட்டம் ஒண்ணு இருக்கு மக்களே. லைசென்ஸ் இல்லாம நாம வெச்சுக்கக்கூடிய கைசெட்டுக்குன்னு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை 2018-ல் ஒதுக்கினாங்க. மத்த அலைவரிசையில் ஓடுற செட்கள் ஆன்லைனில் கண்டபடி விற்பனைக்கு வரவே, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் அதுக்கு எதிரா வழிகாட்டு நெறிமுறையே வெளியிட்டது. விலை குறைவுன்னு எதையாவது வாங்கி வம்புல மாட்டாதீங்க. பெட்டியில் ஃப்ரீக்வென்சி போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க.

சட்டப்படி சரியான செட்டாவே இருந்தாலும், பேசுற வரைக்கும் பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்கணும். விட்டாத்தான் எதிராளி பேச்சு கேட்கும். தாத்தா விரல்ல அவ்வளவு தெம்பு கிடையாது. இன்னொண்ணு, அதே சேனல் வெச்சிருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் நம்ம பேச்சை ஜாலியா கேட்கலாம். ‘பிரைவசி கோட்’னு பெட்டியில் போட்டிருப்பாங்க. அது மத்தவங்க பேச்சு நம்ம செட்டில் கேட்காம தடுக்குமே தவிர, நம்ம பேச்சுக்குப் பூட்டு போடாது. பேரைப் பார்த்து ஏமாறாதீங்க.

அமெரிக்கா ரிட்டர்ன்

நடுவுல நியூஜெர்சி மாமா போன் பண்ணி, ‘இங்க சூப்பர் கார்ட்லெஸ் செட் இருக்கு, வர்றப்ப வாங்கிட்டு வர்றேன்’னார். பதறிப் போய் ‘வேண்டாம் மாமா’ன்னேன். அந்த ஊர் டெக்ட் கார்ட்லெஸ் போன்கள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் ஓடும். நம்ம ஊர்ல அந்த இடம், மொபைல் போனிலிருந்து டவருக்குப் போற சிக்னலோட பாதை. நம்ம வீட்டில் பேசினா ஏரியா டவருக்குத் தலைவலி! மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ‘சாக்லேட் போதும்’னு சமாதானம் பண்ணிட்டேன்.

எல்லாம் கேட்கும் காது

அடுத்தது, கைக்குழந்தை ரூமில் வைக்கிற மானிட்டர். பட்டனே வேண்டாம். ராத்திரி முழுக்க கீழே என்ன சத்தம் வந்தாலும் மாடியில் கேட்டுக்கிட்டே இருக்கும். ஸ்மார்ட் ஸ்பீக்கரிலும் ரூமுக்கு ரூம் பேசுற வசதி இருக்கு, ஆனா நெட் கட்டானா அது ஊமையாகிடும். மானிட்டருக்கு அந்தப் பிரச்னைகூட இல்லை. அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ‘இதையே வாங்கிடுடி, நான் படுத்த இடத்துலயே தெரிஞ்சுக்குவேன்’னாங்க. எனக்கும் இதுதான் சரின்னு பட்டது.

தாத்தாகிட்ட போய் விவரம் சொன்னேன். பொறுமையா கேட்டார். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுச் சொன்னார்: ‘ஆத்தா... ராத்திரி நான் உங்க அப்பத்தாகிட்ட பேசுவேன். அதெல்லாம் மாடிக்குக் கேட்கணுமா?’

தூங்கப் போறதுக்கு முன்னாடி சுவத்துல இருக்கிற அப்பத்தா படத்தைப் பார்த்து, அன்னைக்கு நடந்ததையெல்லாம் சொல்லிட்டுத்தான் தாத்தா படுப்பார். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பத்திப் பேச மாட்டோம். அந்தப் பேச்சை ஸ்பீக்கர் வெச்சுக் கேட்கிறதா? அம்மாவே சொல்லிட்டாங்க, ‘வேண்டாம்டி. மாமா மனசு கஷ்டப்படும்.’

ரேஞ்ச் எத்தனை மீட்டர், பேட்டரி எத்தனை மணி நேரம்னு அட்டவணை போட்டுக்கிட்டிருந்தேன் இல்லையா? அதுக்கெல்லாம் மேல ஒரு வரி சேர்த்தேன்: ‘பட்டன் யார் கையில?’ கூப்பிடுற உரிமை அவர்கிட்ட இருக்கணும். காதை எப்பத் திறக்கணும், எப்ப மூடணும்ங்கிறதும் அவர் இஷ்டமா இருக்கணும். அம்மாவும் நிம்மதியா தூங்கணும். இந்த மூணும் பாஸ் ஆனாத்தான் மார்க்!

கடைசியா தேறினது

ரெண்டு கைபேசி வர்ற டிஜிட்டல் கார்ட்லெஸ் போன் செட். டெலிபோன் லைன் இல்லாமலே ஒரு கைபேசியிலிருந்து இன்னொண்ணுக்குப் பேசுற இன்டர்காம் வசதி அதில் உண்டு. பட்டனைப் பிடிச்சிருக்க வேண்டாம், சாதாரண போன் மாதிரி ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம். நம்ம ஊர் செட்களில் சிலது 2.4 கிகாஹெர்ட்ஸ், சிலது 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸில் ஓடுற டெக்ட் ரகம். வைஃபையும் 2.4-ல் இருக்கிறதால, நான் ரெண்டாவதை எடுத்தேன்.

டெக்ட்னதும் ஒரு பெருமையான சமாசாரம். ஐரோப்பாவில் உருவான இந்தத் தரத்தை வெச்சுத்தான், 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர், மிடாஸ் நிறுவனத்தோட சேர்ந்து ‘கார்டெக்ட்’ உருவாக்கினாங்க. கேபிள் இழுக்கிறது கட்டுப்படியாகாத இடங்களுக்கு டெலிபோன் கொண்டுபோறதுக்காக! கிளாஸ்ல ரெண்டு மார்க் கேள்வியா படிச்சது, வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்தப்போ சும்மா ஜிவ்வுனு இருந்துச்சு.

பெட்டியில் வீட்டுக்குள் 50 மீட்டர், வெளியே 300 மீட்டர்னு போட்டிருக்கும். அதை அப்படியே நம்பிடாதீங்க. நடுவுல கம்பி போட்ட கான்கிரீட் தளம் இருந்தா சிக்னல் நல்லாவே அடிவாங்கும். படிக்கட்டுதான் சிக்னலுக்கு நல்ல வழி. அதனால பேஸ் பெட்டியை மாடிப்படி முடியுற இடத்துல வெச்சேன். கதவு சாத்தி, ஃபேன் போட்டு, மிக்ஸி ஓடவிட்டு, கட்டில், நாற்காலி, வாசல், பின்கட்டுன்னு நாலு இடத்துல நின்னு பேசிப் பார்த்தோம். நாலும் பாஸ். பேஸுக்குக் கரன்ட் இல்லைன்னா ரெண்டு கைபேசியும் பேசாது. எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு, அந்த பிளக்கை மட்டும் இன்வெர்ட்டர் லைன்ல மாத்திக்கிட்டோம்.

ஆனா, பாத்ரூமுக்கு யார் போன் எடுத்துட்டுப் போவாங்க? வயசானவங்க அங்கேயும் வழுக்கி விழலாமே! அதுக்கு தண்ணி பட்டாலும் தாங்குற வயர்லெஸ் பெல் பட்டன் ஒண்ணு. சின்ன பேட்டரியில் ஓடும், ரெண்டு பக்க டேப்பில் ஒட்டிடலாம், ஓட்டை வேண்டாம். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துல ஒட்டினோம். ஏன்னா, விழுந்தவருக்குத்தான் அது தேவை, நிக்கிறவருக்கு இல்லை. மொத்தச் செலவு பட்ஜெட்டுக்குள்ள அடங்கிடுச்சு. மிச்சத்துக்கு ஜிகர்தண்டா!

டபுள் விசில்

பெல்லுக்கு ரூல்ஸ் போட்டது நான் இல்லை, கண்டக்டர் சார்! ‘ஒரு விசில்னா நிறுத்து. ரெண்டு விசில்னா ரைட், போகலாம். அதே கணக்குதான் ஆத்தா’ன்னார். ஒரு தடவை அடிச்சா, யாராவது உடனே வாங்கன்னு அர்த்தம். ரெண்டு தடவைன்னா, நல்லா இருக்கேன்னு அர்த்தம்.

யோசிச்சுப் பார்த்தா அசந்துட்டேன். முடியாத நேரத்துல ஒரு தடவை அமுக்குறதே பெரிய விஷயம். அதனால ஆபத்துக்கு எது சுலபமோ அது. நல்லா இருக்கிறவருக்கு ரெண்டு தடவை அமுக்குறது ஒரு சிரமமா? எங்க டிசைன் பேப்பரில் இதைவிட நல்ல லாஜிக் நான் பார்த்ததில்லை. (டிப்ஸ்: பாட்டுப் பாடுற பெல் வேண்டாம். குட்டியா ‘டிங் டாங்’ வைக்கிற வசதி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஒண்ணா ரெண்டான்னு எண்ண முடியாது.)

இப்ப ராத்திரி பாத்ரூம் போயிட்டுத் திரும்புறப்போ தாத்தா ரெண்டு தடவை அடிப்பார். டிங் டாங்... டிங் டாங்... அம்மா கண்ணைத் திறக்காமலே ‘ரைட்’னு முணுமுணுத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிறாங்க. ஒரு மணி இறக்கம் முழுசா நின்னுபோச்சு. நாலு மணி இறக்கம் வாரத்துல ரெண்டு நாளா குறைஞ்சிருக்கு. இத்தனை நாள் பழக்கம், உடனே போயிடுமா?

ஹாஸ்டலில் உட்கார்ந்துக்கிட்டு வீட்டுக்கு ஆன்லைனில் இதையெல்லாம் ஆர்டர் பண்ணப் போற ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரே ஒரு ரெக்வஸ்ட். ரிவ்யூ படிக்கிறதுக்கு முன்னாடி, அதை யார் அமுக்கப் போறாங்களோ அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. ‘உங்களுக்கு எப்படி இருந்தா வசதி?’ன்னு கேளுங்க. பத்து நிமிஷம் ஊர்க்கதை ஓடும். கேட்டுக்கிட்டே இருங்க. ஸ்பெசிஃபிகேஷன் நடுவுல தானா வந்து விழும்!