தோன்றா எழுவாய்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் சங்கத்தின் பொங்கல் விழா. மேடையில் குத்துவிளக்கு துலங்கிக்கொண்டிருந்தது. ஐந்து முகங்களிலும் திரியிட்டு எண்ணெய் நிறைத்தாயிற்று. சிறப்பு விருந்தினர் விளக்கேற்றக் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. தீப்பெட்டி இல்லை! வரவேற்புக் குழுவில் நாங்கள் எழுவர். எழுவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இறுதியில் வாயிற்காவலரின் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டிதான் எங்கள் மானத்தைக் காத்தது. அவையினர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆயினும் அன்றிரவு வீடு திரும்பியபின் சிரிப்பு அடங்கிவிட, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மனத்தின் அடியில் கிடந்த வேறொரு நிகழ்ச்சி மேலெழுந்து வந்தது. அங்கே குறைந்தது தீப்பெட்டியன்று. ஒரு மனிதரின் இரண்டு விரல்கள்.

அது 1978-ஆம் ஆண்டு, மழைக்காலம். தானே–பேலாப்பூர் சாலையில் இருந்த ஓர் இரசாயன ஆலையில் நான் ஷிப்ட் பொறியாளன். ஊரைவிட்டு வந்து பம்பாயில் காலூன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. குளிர்நீர்ப் பம்பு ஒன்றைப் பழுது பார்த்துத் திரும்பப் பூட்டியிருந்தார்கள். மோட்டாரையும் பம்பையும் இணைத்துச் சுழலும் பகுதியின்மேல் ஓர் இரும்புக் கூடு இருக்கும். கப்ளிங் கார்டு என்போம். சுழல்வதன் அருகே மனிதக் கை போகாதபடி காப்பது அதன் வேலை. நான்கு போல்ட்டுகளால் இறுக்கவேண்டிய அதனை அன்று இரண்டால் இறுக்கியிருந்தார்கள். பம்பு அதிர அதிரக் கூடு சாயத் தொடங்கிற்று.

முதல் நாள் பகல் ஷிப்ட்டில் இருந்தவர் அதைக் கண்டு, லாக்புக் என்று நாங்கள் அழைத்த பணிக்குறிப்பேட்டில் எழுதினார்: ‘கார்டு சரியாகப் பொருத்தப்பட வேண்டும்.’ அடுத்த ஷிப்ட்டுக்காரரும் அதையே எழுதினார். இரவு ஷிப்ட்டில் நானும் எழுதினேன். மூன்று நாட்களில் ஒன்பது ஷிப்ட்டுகள், ஒன்பது குறிப்புகள், ஒன்பது கையொப்பங்கள். அவற்றுள் மூன்று என்னுடையவை. நான்காம் நாள் இரவு கூடு நழுவியது. பக்கத்தில் எண்ணெய்க் கசிவைத் துடைத்துக்கொண்டிருந்த உதவியாளரின் கையிலிருந்த துணியைச் சுழலும் இரும்பு பற்றி இழுத்தது. வலக்கையின் இரண்டு விரல்களை அவர் இழந்தார். அந்த இரவும் என்னுடைய ஷிப்ட்டே.

ஒரு ஸ்பானரும் இரண்டு போல்ட்டுகளும் இருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை. மாற்றுப் பம்பு அருகிலேயே இருந்தது. அதை ஓட்டிவிட்டு இதை நிறுத்தியிருக்கலாம். ஏன் செய்யவில்லை? நாங்கள் சோம்பேறிகள் அல்லர். மழை வெள்ளத்தில் இரயில் நின்றபோது தண்டவாளத்தின் வழியே நடந்து வேலைக்கு வந்தவர்கள். பொருத்துவது பராமரிப்புப் பிரிவின் வேலை என்று நாங்கள் எண்ணினோம். உற்பத்திப் பிரிவு பம்பை நிறுத்திக் கொடுக்கட்டும் என்று பராமரிப்புப் பிரிவினர் காத்திருந்தார்கள். எழுதியவுடன் கடமை முடிந்தது என்றொரு நிம்மதி ஒவ்வொருவருக்கும் கிடைத்தது.

மருத்துவமனையில் அந்த உதவியாளரைப் பார்க்கப் போனேன். கொங்கணக் கரையோரச் சிற்றூரைச் சேர்ந்தவர்; என்னைவிட மூத்தவர். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி மராத்தியில் அவர் சொன்னதை இன்றும் என் காது மறக்கவில்லை: “நானும் பார்த்தேன், சாகேப். உங்களிடம் சொல்லத்தான் வந்தேன். எல்லாம் எழுதியாகிவிட்டது என்று சொன்னார்கள். சரி, பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று திரும்பிவிட்டேன்.” அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, அதனாலேயே அது தாங்கமுடியாததாயிற்று. எங்கள் எழுத்து ஆபத்தை நீக்கவில்லை என்பது மட்டுமன்று. அதைப் பற்றிப் பேசவந்த ஒரு மனிதரின் வாயையும் அடைத்துவிட்டது.

பள்ளியில் எங்கள் தமிழாசிரியர் ‘தோன்றா எழுவாய்’ நடத்திய நாள் நினைவுக்கு வருகிறது. ‘வந்தேன்’ என்று கரும்பலகையில் எழுதி, “யார் வந்தது?” என்று கேட்பார். “நான்” என்போம். “நான் என்ற சொல் எங்கே இருக்கிறது?” என்பார். எழுவாய் கண்ணுக்குத் தோன்றாவிட்டாலும் வினையின் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது பாடம். செயப்பாட்டுவினையின் போக்கு வேறு. அதில் செயப்படுபொருள் எழுவாயின் இருக்கையில் ஏறி அமர்ந்துகொள்ளும். செய்தவன் ‘ஆல்’ உருபைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பான். அவனை வெளியே அனுப்பிவிட்டாலும் வாக்கியம் குறையின்றி நிற்கும். ‘கார்டு பொருத்தப்பட வேண்டும்’ என்று ஒன்பது முறை எழுதினோமே, யாரால்? கார்டு தன்னைத்தானே பொருத்திக்கொள்ள வேண்டும் போலும்! நாங்கள் எழுதியது ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆளில்லாத வாக்கியம் எந்த மொழியிலும் ஆளில்லாத வாக்கியமே.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். கூடி இழுக்கும் கயிற்றை அளந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. மாக்ஸ் ரிங்கல்மான் என்னும் பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்கள் தனித்தும் சேர்ந்தும் இழுக்கும் விசையை அளந்து 1913-இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, அவர்கள் தனித்தனியே இழுக்கக்கூடிய விசைகளின் கூட்டுத்தொகையில் ஏறத்தாழப் பாதியே கிடைத்தது. எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்காததால் நேரும் இழப்பு இது என்று சொல்லலாம் அல்லவா? 1974-இல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் அதையும் சோதித்தார்கள். இழுப்பவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னிடத்தில் நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்களே தவிர இழுக்கவில்லை. உண்மையில் அவர் ஒருவரே இழுத்தார். ஆயினும், பிறரும் இழுக்கிறார்கள் என்று நம்பிய மாத்திரத்தில் அவருடைய விசை குறைந்தது. அவர் ஏமாற்ற எண்ணியவர் அல்லர். தாம் குறைத்ததை அவரே அறிந்திருக்கமாட்டார். ஒன்பது கையொப்பங்களின் கதையும் இதுதான்.

இதற்கு மருந்தும் தேரோட்டத்திலேயே இருக்கிறது. சிறுவயதில் எங்கள் ஊர்த் தேரைப் பார்த்திருக்கிறேன். வடம் பிடித்தவர்களுள் இழுப்பவர் உண்டு. புண்ணியத்துக்காகத் தொட்டுக்கொண்டு நடப்பவரும் உண்டு. ஆனால் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போடுபவரைப் பாருங்கள். அவர் கண் சக்கரத்தைவிட்டு அகலாது. இந்தச் சக்கரம் இவருடையது என்பது ஊருக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வடத்தைப் பிடித்தவர்களைவிட அவர் உயர்ந்த மனிதர் என்பதன்று. அவர் வேலைக்கு அவருடைய பெயர் இருக்கிறது.

எங்கள் ஆலைக்கு வருவோம். விசாரணைக் குழு அமைத்தார்கள். ‘கூட்டுக் கவனக்குறைவு’ என்று அறிக்கை முடிந்தது. எவர்மீதும் நடவடிக்கை இல்லை. அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது ஆறுதல். அந்த ஆறுதலுக்காக இன்றும் நாணுகிறேன்.

அறிக்கை வந்த மறுநாள் ஆலை மேலாளர் எங்களைக் கூட்டினார். பார்சி இனத்துப் பெரியவர், அதிகம் பேசமாட்டார். பொறுப்புணர்ச்சியைப் பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்தப்போகிறார் என்று எதிர்பார்த்து அமர்ந்திருந்தோம். அவர் சொன்னது இவ்வளவே: “இரண்டாம் நாள் காலை அந்தப் பம்பைக் கடந்து போனேன். கூடு சாய்ந்திருப்பதைப் பார்த்தேன். நீங்கள் கவனிப்பீர்கள் என்று எண்ணி நடந்துவிட்டேன். முதல் குற்றம் என்னுடையது.” அறையில் அமைதி. சிறிது நேரம் கழித்து ஒரு ஃபிட்டர் எழுந்தார். “இரண்டு போல்ட் கிடைக்கவில்லை, பிறகு போடலாம் என்று விட்டவன் நான்” என்றார். அதன்பின் நான் எழுந்தேன். மூன்று நாள் விசாரணையில் வெளிவராதது அரைமணி நேரத்தில் வெளிவந்தது. பொறுப்பேற்குமாறு பிறரை ஊக்குவிக்கும் வழி ஒன்றுதான் என்று அன்று கற்றேன்: மேலிருப்பவர் முதலில் ஏற்கவேண்டும்.

அடுத்த வாரம் குறிப்பேட்டின் அமைப்பு மாறியது. ‘என்ன’, ‘யார்’, ‘எப்போதுக்குள்’ என்று மூன்று பத்திகள். ‘யார்’ என்ற பத்தியில் பிரிவின் பெயரை எழுதக்கூடாது. ஒரு மனிதரின் பெயர் வேண்டும். நேரில் பேசி அவர் இசைவைப் பெறாமல் பிறர் பெயரை எழுதலாகாது. எவரும் இசையாவிட்டால் எழுதுபவர் தம் பெயரையே எழுதவேண்டும். வேலை முடிந்ததும் பெயருக்கு உரியவரே கையொப்பமிட வேண்டும். பெயரைக் கேட்டவர் அதிகாரத்தையும் தந்தார்: காவல் கழன்ற எந்த எந்திரத்தையும், கண்டவர் உதவியாளரேயாயினும், உடனே நிறுத்தலாம், உற்பத்தி குறைந்தால் பதில் சொல்வது மேலாளரின் வேலை. அதிகாரம் இல்லாதவன் தலையில் பொறுப்பை ஏற்றுவது கொடுமை என்பதை அவர் அறிந்திருந்தார். ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலைகளில் கார்கள் உருவாகும் வரிசை நெடுகிலும் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள் என்று பின்னாளில் படித்தேன். குறை கண்ட தொழிலாளி அதை இழுப்பார்; குழுத்தலைவர் ஓடி வருவார்; குறை தீராவிட்டால் வரிசையே நிற்கும். அது பலர் கூடி இழுக்கும் கயிறன்று. ஒருவர் தனித்து இழுக்கும் கயிறு.

மறு ஆண்டு அந்த முறைக்கு ஒரு சோதனை வந்தது. இளம் தொழிலாளி ஒருவர் தவறான வால்வைத் திறந்து, விலையுயர்ந்த கரைப்பான் வீணாகிவிட்டது. எவரும் கண்டுபிடிக்குமுன் குறிப்பேட்டில் தாமே தம் பெயரோடு அதனை எழுதிவிட்டார். தலைமை அலுவலகம், தவறு செய்தவர் யார் என்று கேட்டது. மேலாளர் தம் பெயரை எழுதி அனுப்பினார். பிறகு அந்த இளைஞரை அழைத்து, ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வால்வுகளுக்கும் வெவ்வேறு வண்ணம் பூசும் வேலையை அவரிடமே ஒப்படைத்தார்.

அதே 1979-இல்தான், ஆகஸ்டு 10-ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் வங்கக் கடலில் விழுந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம். செய்தியாளர்களை எதிர்கொண்டவரோ இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். தோல்வியைத் தாம் ஏற்றுக்கொண்டு, தம் குழுவின்மீது நம்பிக்கை தெரிவித்தார். 1980 ஜூலை 18 அன்று அடுத்த எஸ்.எல்.வி.-3, ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, செய்தியாளர்களிடம் பேசுமாறு கலாமை அனுப்பினார். தோல்வியைத் தலைவர் ஏற்றதையும் வெற்றியைக் குழுவுக்குத் தந்ததையும் கலாம் பின்னாளில் மேடைதோறும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். எங்கள் மேலாளர் எவரும் அறியாத ஓர் ஆலையில் செய்ததும் அதுவே. ஆகவே அந்த வரலாற்றைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏவுகலத்தோடு இரண்டு வால்வுகளும் நினைவுக்கு வரும்.

பெயரைக் கேட்பதில் ஓர் அபாயமும் உண்டு. பொறுப்பு வேறு, பழி வேறு. வேலை தொடங்குமுன் கேட்கும் பெயர் பொறுப்பு. கெட்டுப்போனபின் தேடும் பெயர் பழி. பழிக்கு அஞ்சும் இடத்தில் மனிதர்கள் மறுபடியும் செயப்பாட்டுவினையில் ஒளிந்துகொள்வார்கள். நம் முன்னோர் ‘பொறு’ என்ற ஒரே அடியிலிருந்து பொறுப்பையும் பொறுமையையும் ஆக்கிவைத்தார்கள். கீழே இருப்பவர் சுமையைப் பொறுக்கவேண்டுமானால், மேலே இருப்பவர் பிழையைப் பொறுக்கவேண்டும். ஒன்றில்லாத இடத்தில் மற்றொன்று நெடுநாள் நில்லாது.

அந்த உதவியாளர் குணமடைந்து திரும்பிவந்தார். அதே ஆலையில் பண்டகசாலையில் பணியாற்றி ஓய்வுபெற்றார். போல்ட் கேட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் மூன்று விரல் வலக்கையால் எண்ணி எடுத்துக் கொடுப்பார். நான்கு கேட்டால் நான்கு, ஒருபோதும் குறைந்ததில்லை.

பொங்கல் விழாவுக்கு அடுத்த ஆண்டுக் குழுக் கூட்டத்தில் செயலாளர் வழக்கம்போல், “விளக்கேற்ற ஏற்பாடு செய்யப்பட வேண்டும்” என்று குறிப்பு எழுதத் தொடங்கினார். நான் குறுக்கிட்டேன். தமிழில் ஒரு நயம் உண்டு. ‘நான்’ என்னும் சொல்லை உச்சரியாமலே, தற்பெருமை சிறிதுமின்றி, ஒருவர் தம்மை ஒரு வேலைக்கு ஒப்புக்கொடுத்துவிட முடியும். எழுவாய் தோன்றவேண்டியதில்லை, விகுதி போதும்.

“தீப்பெட்டி கொண்டுவருகிறேன்” என்றேன்.