யார் சார் அந்த 'எல்லாரும்'?

தமிழில் ஓர் அற்புதமான சொல் இருக்கிறது. 'சொல்லியாச்சு.'

யார் சொன்னார்கள்? தெரியாது. யாரிடம் சொன்னார்கள்? தெரியாது. எப்போது? ஊஹூம். ஆனால் சொல்லியாச்சு. அதற்கு மேல் கேள்வி கேட்டால் நீங்கள்தான் சந்தேகப் பிராணி!

இந்தச் சொல்லுக்கு அண்ணன் தம்பிகள் உண்டு. 'அனுப்பியாச்சு', 'பேசியாச்சு', 'மேலே வச்சாச்சு'. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா 'தோன்றா எழுவாய்' என்று நடத்தினபோது, இதெல்லாம் எதற்கு என்று ஜன்னல் வழியாகக் காக்காய் பார்த்துக்கொண்டிருந்தோம். வேலைக்குப் போன பிறகுதான் தெரிகிறது... ஒவ்வொரு ஆபீஸிலும் பாதிப் பேர் தோன்றா எழுவாய்தான்.

பயிற்சி வீட்டிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. "அம்மா, கண்ணாடி டம்ளர் உடைஞ்சு போச்சு." அதுவாகவே உடைந்துவிட்டது. அலமாரியில் வாழ்க்கை வெறுத்துப்போய்க் குதித்துவிட்டது! 'உடைச்சிட்டேம்மா' என்று சொல்கிற பிள்ளைக்கு முதுகில் இரண்டு விழும். 'உடைஞ்சு போச்சு' என்று சொல்கிற பிள்ளைக்கு ஒன்றுதான். ஆக, ஓர் அடி லாபம். இந்தக் கணக்கைத்தான் நம்மில் பலர் ரிடையராகிற வரை போட்டுக்கொண்டிருக்கிறோம். சாவி தொலைந்து போச்சு, ஃபைல் காணாமல் போச்சு, கெடு தாண்டிப் போச்சு.

தமிழுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. இங்கிலீஷ்காரனுக்கு ஒரே ஒரு 'வீ'. நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு. மீட்டிங்கில் ஒருவர் "நாம பாத்துக்கலாம்" என்றால் "நீங்க பாருங்க" என்று அர்த்தம். காரியம் கெட்டால் "நாங்க அப்பவே சொன்னோமே!" ஜெயித்தால் மட்டும்தான் 'நான்' என்கிற தன்மை ஒருமை வெளியே வரும். அதுவும் பிரமோஷன் லிஸ்ட் போடுகிற மாதத்தில்.

இந்த இலக்கணம் வேலை செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டுமானால், எந்த ஆபீஸிலாவது வாட்டர் கேன் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும். கேனில் தண்ணீர் குறையக் குறைய, பிடிக்கிறவர்களுக்குத் தாகமும் குறையும். கடைசியில் அரை டம்ளர் நிற்கும். அதை யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் கேன் காலி. காலி செய்தவன்தான் புதுக் கேனைத் தூக்கி வைக்க வேண்டும்! முப்பது பேர் வேலை செய்கிற இடத்தில் முப்பது பேரும் தாகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் காலத்து வாட்டர் கேன், வாட்ஸ்அப் குரூப். "நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். ஸ்டோர் ரூம் சாவி யாராவது வாங்கி வைக்கவும்" என்று மேனேஜர் போடுவார். அடுத்த நிமிஷம் பதினெட்டு கட்டைவிரல்கள் முளைக்கும். இரண்டு கும்பிடு. மறுநாள் காலையில் பூட்டு பூட்டியபடியே இருக்கும். 'யாராவது' என்று ஒருவர் அந்த ஆபீஸில் வேலை செய்யவே இல்லையே!

*

இது நம்ம ஊர் வியாதி மட்டும்தான் என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். மாக்ஸ் ரிங்கல்மான் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், விவசாய எஞ்சினீயர். மாடு, குதிரை, மனிதன் எல்லாம் எவ்வளவு பலத்தோடு இழுக்கின்றன என்று அளந்து பார்ப்பது அவர் வேலை. ஆட்களிடம் கயிற்றைக் கொடுத்து இழுக்கச் சொன்னார். தனியாக இழுக்கிறவனின் பலம் 100 என்றால், இரண்டு பேர் சேர்ந்தபோது தலைக்கு 93. மூன்று பேர் என்றால் 85. எட்டுப் பேர் சேர்ந்தபோது தலைக்கு 49! அதாவது எட்டுப் பேர் இழுத்தது நாலு பேர் பலம். மிச்ச நாலு பேர் கயிற்றுக்குத் துணை. இதை அவர் 1913-ல் வெளியிட்டார்.

"எட்டுப் பேரும் ஒரே நொடியில் இழுக்க முடியாதில்லையா, அதனால் பலம் சிதறியிருக்கும்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அதையும் 1974-ல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணைக் கட்டி, கயிற்றின் முன்னால் நிறுத்தி, "உங்க பின்னாடி இன்னும் அஞ்சு பேர் இழுக்கிறாங்க" என்று சொன்னார்கள். பின்னால் ஒரு ஈ காக்காய் இழுக்கவில்லை. இருந்தும் ஆசாமியின் பலம் குறைந்தது. பின்னால் ஆள் இருக்கிறது என்கிற நினைப்பே போதும், கை தானாகத் தளர்கிறது.

1979-ல் இன்னொரு கோஷ்டி, ஆட்களைக் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் பார்த்தது. அங்கேயும் அதே கதை. கூட்டம் பெருகப் பெருகத் தலைக்குச் சத்தம் குறைந்தது. முக்கியமான விஷயம் அதற்கப்புறம் வருகிறது. 1981-ல் அதே ஆராய்ச்சியாளர்கள், "கும்பலாகக் கத்தினாலும் உங்கள் சத்தம் தனியாகப் பதிவாகிறது" என்று ஒவ்வொருவரையும் நம்ப வைத்தார்கள். சோம்பல் போயே போச்சு! புதுசாகச் சம்பளம் இல்லை, மிரட்டல் இல்லை. 'இது உன் சத்தம்' என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

ரிங்கல்மான் கயிறு பிடிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே நம்ம ஊர்த் தேரோட்டத்தில் இந்தப் பாடம் இருக்கிறது. வடம் பிடிக்கிற ஆயிரம் பேரில் எத்தனை பேர் இழுக்கிறார்கள், எத்தனை பேர் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள் என்பது உள்ளே இருக்கிற சாமிக்குத்தான் வெளிச்சம். ஆனால் சக்கரத்தடியில் பாருங்கள். முட்டுக்கட்டையோடு சில ஆட்கள் குனிந்தபடியே ஓடிக்கொண்டிருப்பார்கள். தேர் திரும்ப வேண்டிய இடத்தில், நிற்க வேண்டிய இடத்தில், உருண்டுவரும் சக்கரத்துக்குக் கீழே சரியான நொடியில் கட்டையைச் செருக வேண்டும். அங்கே 'நாம பாத்துக்கலாம்' கிடையாது. இந்தச் சக்கரம், இந்தக் கட்டை, இந்த ஆள். இழுப்பது ஊர்தான், ஊர் இல்லாவிட்டால் தேர் நகராது. ஆனால் அந்தத் தனி ஆள் இல்லாவிட்டால் தேர் யார் வீட்டுத் திண்ணைக்குள் போகும் என்று சொல்ல முடியாது.

'முட்டுக்கட்டை போடுகிறான்' என்பதை நாம் திட்டுவதற்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். அநியாயம்!

வள்ளுவரும் 517-ஆம் குறளில், வேலையையும் ஆளையும் நன்றாக ஆராய்ந்துவிட்டு, பிறகு அந்த வேலையை அவனிடம் விட்டுவிடச் சொல்கிறார். 'அவன்' என்று ஒருமைதான். கமிட்டியிடம் விடு என்று அவர் எங்கேயும் எழுதவில்லை.

உயிர் போகிற இடங்களில் இதைச் சீரியஸாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் போட்டது. கத்தி வைப்பதற்கு முன்னால் அங்கிருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது, ஆபரேஷனுக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 சதவிகிதமாகக் குறைந்தது என்று 2009-ல் முடிவு வந்தது. பெயர் சொன்னதால் மட்டுமே அவ்வளவும் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பெயரைச் சொன்னவர், அப்புறம் 'பஞ்சு குறையுதே' என்று சொல்லவும் வாய் திறப்பார். பெயரில்லாதவர் சும்மா நிற்பார்.

*

என் சித்தப்பா காலமான பிறகு, சித்தி குடும்ப பென்ஷனுக்காக ஓர் ஆபீஸுக்கு நடையாக நடந்தாள். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். ஏழு மாதம். துணைக்கு நான். முதல் சீட்டில் "அனுப்பியாச்சும்மா." இரண்டாவது சீட்டில் "வந்தா சொல்லி அனுப்புவோம்மா." மூன்றாவது சீட் லீவு. நாலாவது சீட்டில் "மேலே வச்சாச்சு." மேலே என்றால் மாடியா, ஆகாயமா என்று தெரியவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. சித்திக்கு நாற்காலி போட்டார்கள். ஒருவர் டீகூட வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொருவரும் அவரவர் பங்குக்குச் சரியாகத்தான் இருந்தார்கள். ஃபைல் மட்டும் இல்லை.

அந்த மாதங்களில் சித்தி தன் இரண்டு வளையலை அடகு வைத்தது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும்.

ஏழாவது மாதம் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் ஒரு சின்னப் பெண். சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட வரலைம்மா" என்றாள். சரி, இன்னொரு 'வரலை' என்று நாங்கள் எழுந்தோம். "இருங்கம்மா. சார் பேரும் நம்பரும் சொல்லுங்க. நான் தேடறேன். வியாழக்கிழமை மூணு மணிக்கு வாங்க, நான் இருப்பேன்" என்றாள்.

நான்! வியாழக்கிழமை! மூணு மணி! ஏழு மாதத்தில் அந்தக் கட்டடத்தில் நாங்கள் கேட்ட முதல் எழுவாய் அது.

தேடுவது அவள் வேலையே இல்லை. அவள் சீட்டுக்கு வந்த தபாலுக்கு மட்டும்தான் அவள் பொறுப்பு. வியாழக்கிழமை போனபோது ஃபைல் அவள் மேஜைமேல் இருந்தது. ஒரு பாரத்தில் ஒரு கையெழுத்து குறைந்திருந்ததாம். கையெழுத்து வாங்க எடுத்து வைத்த யாரோ, ஜன்னல் ஓரக் கட்டில் வைத்திருக்கிறார். அதன்மேல் ஏழு மாதத்துப் பேப்பர். சித்தி அங்கேயே கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதம் பணம் வந்தது. ஊரெல்லாம் சித்தி சொன்னது "ஆபீஸ்ல குடுத்தாங்க" என்று இல்லை. "அந்தப் பொண்ணு வாங்கிக் குடுத்தா" என்றுதான்.

*

அப்படியானால் எல்லாரும் 'நான்' என்று சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்ல மாட்டார்கள். காரணம் முதுகில் விழுந்த அந்த இரண்டு அடிதான். கையைத் தூக்குகிறவன் தலையில் அத்தனை வேலையையும் கட்டுவது, தப்பை ஒப்புக்கொள்கிறவனுக்கு முதல் மெமோ கொடுப்பது. இப்படி நடத்தினால் மனுஷன் தோன்றா எழுவாயாகத்தான் ஆவான். மேலே இருப்பவர்கள் 'பொறுப்புணர்ச்சி' என்று போர்டு எழுதி மாட்டிப் பிரயோஜனமில்லை.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்டத்துக்குத் தலைமை அப்துல் கலாம். பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் கலாமை முன்னால் தள்ளிவிடவில்லை. தானே எதிரில் உட்கார்ந்து, தோல்விக்குத் தானே பொறுப்பு என்றார். உள்ளே நடந்த ஆய்வுக் கூட்டத்திலோ, கலாம் எழுந்து, கிளம்புமுன் தெரிந்த கசிவைச் சின்ன விஷயமென்று நினைத்தது தன் தவறு, நிறுத்தி வைத்திருக்க வேண்டும் என்று சொன்னார். 1980 ஜூலை 18-ல் அதே எஸ்.எல்.வி.-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்றைக்குத் தவான், பத்திரிகையாளர்களைச் சந்திக்கும்படி கலாமை அனுப்பினார். கலாம் இதைக் கடைசி வரை மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார்.

கவனியுங்கள். வெளியே பெரியவர் 'நான்' என்றார். உள்ளே சின்னவரும் 'நான்' என்றார். கசிவு எங்கே என்று தெரிந்துவிட்டது. 'கசிஞ்சு போச்சு' என்று எல்லாரும் உச்சுக்கொட்டியிருந்தால், அடுத்ததும் கடலில்தான்.

நமக்கு ராக்கெட் வேண்டாம். சின்னச் சின்னதாக ஆரம்பிக்கலாம். மீட்டிங் முடிந்து எழுந்திருக்கும்போது, "இதை நான் பண்றேன், புதன்கிழமைக்குள்ள" என்று ஒரே ஒரு விஷயத்துக்குச் சொல்லிப் பாருங்கள். முடியாதென்றால் "என்னால முடியாது சார்" என்று அன்றைக்கே சொல்லுங்கள், அதுவும் பொறுப்புதான். உடைத்ததை 'உடைச்சிட்டேன்' என்று, காலில் குத்துவதற்குள் சொல்லிவிடுங்கள். மேனேஜர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உண்மையைச் சொல்கிறவனுக்கு விழும் அடி, மறைக்கிறவனுக்கு விழுவதைவிட ஒன்றாவது குறைவாக இருக்கட்டும்.

இதைப் படித்து முடித்ததும் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். "நம்ம ஆபீஸ்ல எல்லாரும் படிக்கணும் சார் இதை!" என்று பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிடுவீர்கள். தாராளமாகத் தள்ளுங்கள். தள்ளிவிட்டு அப்படியே எழுந்து போய், அந்த வாட்டர் கேனைக் கொஞ்சம் மாற்றிவிட்டு வந்துவிடுங்களேன்.