குளிர்ந்த கடல் ஊட்டும் தீவு

ஆகஸ்ட் 9, உர்பினா விரிகுடா

கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் இசபெலா தீவின் மேற்குக் கரை. கடலை விட்டு நெடுந்தூரம் நடந்த பிறகு, புதர்களுக்கு நடுவே பவளத் திட்டுகள் வெளுத்து நிற்கின்றன. 1954-இல் பூமிக்கடியிலிருந்த பாறைக்குழம்பு உந்தியதில் இங்கே கடலடித் தரை 4 மீட்டருக்கும் மேல் எழும்பிவிட்டது. நீர் வடிந்தபோது மீன்களும் ஆமைகளும் தப்ப வழியின்றிச் சிக்கிக்கொண்டன. இன்று அந்தப் பவளத்தின் அருகே மஞ்சள் நிற நில இகுவானா ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

கலாபகோஸின் வரலாறு கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. பூமிக்குள் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் வெப்பப் புள்ளியின் மேல் நாஸ்கா என்னும் புவித்தட்டு கிழக்கு நோக்கி மெல்ல நகர்கிறது; அப்புள்ளியின் மேல் பிறந்த தீவுகளும் அதனுடன் விலகிப்போகின்றன. கிழக்கேயுள்ள எஸ்பன்யோலா தீவு முதுமையடைந்து தேய்ந்துவருகிறது. நாளை போகவிருக்கும் ஃபெர்னாண்டினா எல்லாவற்றிலும் இளையது, இன்னும் வளர்வது.

ஆகஸ்ட் 10, எஸ்பினோசா முனை, ஃபெர்னாண்டினா

கறுப்பு. கால் வைக்கும் இடமெல்லாம் கறுப்பு. உறைந்த குழம்பு சில இடங்களில் வடம் முறுக்கிப் போட்டதுபோல் வளைந்து கிடக்கிறது. மண் என்று சொல்ல ஒரு பிடிகூட இல்லை. வெடிப்புகளில் எரிமலைக் கள்ளி மட்டும் விரல் விரலாக முளைத்திருக்கிறது. இந்தத் தீவின் லா கும்ப்ரே எரிமலை 2024 மார்ச்சிலும் வெடித்தது.

இந்த வறண்ட பாறைமேல் உயிர்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. நூற்றுக்கணக்கான கடல் இகுவானாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து, மூக்கிலிருந்து உப்பைச் சீறித் தெளிக்கின்றன. கடற்பாசியே அவற்றின் உணவு. பக்கத்தில் நீர்க்காகம் ஒன்று குட்டைச் சிறகை விரித்து உலர்த்துகிறது. அந்தச் சிறகால் அது பறக்கவே முடியாது. துரத்தும் விலங்கு இங்கே இல்லை, இரையோ காலடியிலேயே. இசபெலாவிலும் ஃபெர்னாண்டினாவிலும் தவிர உலகில் வேறெங்கும் இந்தப் பறவை கிடையாது. ஆண் ஒன்று கடற்பாசியைக் கவ்விவந்து கூட்டிலிருந்த பெண்ணிடம் தந்ததை நின்று பார்த்தேன். நகர மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 11, பொலிவர் கால்வாய்

நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் தண்ணீர் உடலை நடுக்குகிறது. கடலின் அடியில் மேற்கிலிருந்து வரும் குரோம்வெல் நீரோட்டம் இந்தத் தீவுகளில் மோதி மேலெழுகிறது. ஆழத்தின் சத்துகளையும் உடன் கொண்டுவருகிறது. பாசி செழிக்க, மீன் பெருக, பென்குயின் பிழைக்கிறது. படகைச் சுற்றி மீனை விரட்டிய அந்தச் சின்னஞ்சிறு பென்குயின்களைப் பார்க்கையில் ஒன்று உறைத்தது. நெருப்பு இந்தத் தீவுக்கு உடலைத் தந்தது. உணவு தருவது குளிர்ந்த கடல்தான்.

ஆகவே எனக்கு எரிமலையைவிடச் சூடேறும் கடலைக் கண்டால்தான் பயம். எல் நினோ ஆண்டுகளில் சூடான நீர் மேலே பரவிவிட, சத்துள்ள குளிர்நீர் மேலே வருவது தடைப்படுகிறது. 1982-83-இல் பென்குயின்களில் 77 சதவீதம் அழிந்தன. பறக்காத நீர்க்காகங்களும் ஏறக்குறைய பாதியாயின. கடல் இகுவானாக்களின் உடல் நீளமே பட்டினியில் 20 சதவீதம் வரை சுருங்கியதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பசி தீர்ந்ததும் மறுபடி வளர்கின்றன! பென்குயினுக்கு அந்த வித்தை தெரியாது.

ஆகஸ்ட் 12, இசபெலா கடற்கரையோரம்

வட இசபெலாவைப் பல பத்தாயிரம் ஆடுகள் மொட்டையடித்திருந்தன. ஆமைகளுக்கு மேயப் புல்லும் ஒதுங்க நிழலும் இல்லாமல் போயின. 2006-க்குள் அந்த ஆடுகளை அகற்றினார்கள். ஃபெர்னாண்டினாவிலோ வெளியிலிருந்து வந்த ஆடும் எலியும் பூனையும் குடியேறியதே இல்லை. அதனால்தான் இறங்கும் முன் செருப்பில் ஒட்டிய விதையைக்கூடத் துலக்கச் சொல்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கடல் சூடாவதைத் துலக்கித் தள்ள முடியாது. ஆனாலும் 2010-இல் டீ போர்ஸ்மா என்ற உயிரியலாளரின் குழு எரிமலைக் கற்களை அடுக்கி, பென்குயின்களுக்காக நிழலுள்ள 120 கூடுகளைக் கட்டியது. நல்ல மீன் வரும் ஆண்டில் முட்டையிட இடமில்லை என்ற நிலை வராதிருக்கவே இந்த ஏற்பாடு. பென்குயின்களும் அவற்றில் குடியேறிக் குஞ்சு பொரித்திருக்கின்றன.